மூன்றாவது வளைவில் இறங்கியவர்கள்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

கவரில் அப்பாவின் பெயர் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். என் பெயரை எழுதி, நான் வேலை செய்யும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் முகவரியைப் போட்டிருந்தாய். முதலாளி அதைக் கவுண்டரில் நின்றபடி உரக்க வாசித்தார். "உள்ள ரேக்ல ஒரு பொண்ணு இருக்கில்ல, அதுக்கு லெட்டருப்பா!" என்றார். கவுண்டரில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஃபேன் பெல்ட் அட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இதற்குப் பயந்துதானே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இனிமேல் வீட்டுக்கே எழுது. அப்பா உன் கடிதத்தைப் பிரிக்கமாட்டார்.

நீ போன இரண்டு வருடத்தில் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அதில் பாதிக்கு மேல் இன்ஜினைப் பற்றித்தான் இருக்கிறது. பரவாயில்லை. நீ இருக்கும் சுரங்கத்தில் டவர் கிடைக்காது, கிடைத்தாலும் எனக்குப் போனில் பேச்சு வராது. அதனால் இதுதான் வசதி.

நீ சொன்னபடி பிரேக் மாமாவின் பட்டறைக்குப் போனேன். விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து ஆயிரத்து முந்நூறு சி.சி. இன்ஜினை கியர்பாக்ஸோடு வாங்கி வைத்திருக்கிறாய், அதை நம் சின்ன சிவப்பு வண்டியில் மாட்ட வேண்டும் என்கிறாய் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கண்ணன் திருந்தவே மாட்டானா? எலிக்கு யானைக் கால் மாட்டணுங்கிறான். இன்ஜினை மாத்துறது பெரிசில்ல கண்ணு. மாத்தினதுக்கு அப்புறம் நிறுத்தணும்ல? முதல்ல பிரேக்!"

அதன்பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். நம் இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், அதற்கு நான்கு. அதனால் நீளம் கூடும், ரேடியேட்டரை முன்னால் தள்ள முன்பக்கச் சட்டத்தை அறுக்க வேண்டும். இன்ஜின் உட்காரும் தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். எடை கூடுவதால் முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். பிறகு பிரேக். பிறகு வண்டிப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். "இவ்வளவையும் பண்ணா வண்டியில பழசுன்னு ஹார்ன் மட்டும்தான் மிஞ்சும்," என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்கலாமா? இது அவசியமா அண்ணா? அறுத்துவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது.

உன் தங்கை

~

மார்ச் 11

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் வந்தது. நேரில் பத்து வருடத்தில் பேசாததை ஒரே கடிதத்தில் பேசிவிட்டாய்.

பிரேக் மாமாவிடம் சொல், பிரேக் டிஸ்க்கும் அந்த விபத்து வண்டியிலிருந்தே கழற்றி வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கும் இருக்கிறது. நான் இங்கே தினமும் நூறு டன் டம்பருக்கு இன்ஜின் இறக்கி ஏற்றுகிறவன். ஒரு குட்டிக் காரைப் பார்த்துப் பயப்படுவேனா?

அவசியமா என்று கேட்டாய். உனக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா ஊருக்குத் தண்ணீர் விடும் மேட்டுத் தொட்டியில் நீர்மட்டம் பார்க்கப் போவார். குடும்பத்தோடு ஒரு வெளியூர்ப் பயணம் மாதிரி நாமும் கிளம்புவோம். ரொட்டி, அவித்த முட்டை, ஃபிளாஸ்க். மலை ரோட்டில் முதல் வளைவு ஏறும், இரண்டாவது வளைவு ஏறும், மூன்றாவதில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்பா திரும்பிப் பார்ப்பார். நீயும் நானும் இறங்குவோம். அப்பாவும் அம்மாவும் வண்டியில் மேலே போவார்கள், நாம் பின்னால் நடந்து போவோம். இருபது நிமிட நடை.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு ஞாயிறு, என் வகுப்புப் பையன்கள் ஒரு வேனில் அந்த வழியாக வந்தார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், வண்டியைத் தள்ளுறியா, தள்ளிட்டியா?" என்று கத்தினார்கள். பள்ளி முடியும்வரை எனக்குப் பெயரே "தள்ளு" தான். உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

லைசென்ஸ் வாங்கிய பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் அது ஏறவில்லை. கார்புரேட்டரைப் பிரித்தேன், பிளக் மாற்றினேன், டைமிங் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆக, இன்ஜினுக்குத் தெம்பு போதாது. அவ்வளவுதான். அன்றைக்கு இன்ஜினை மாற்றலாம் என்று சொன்னபோது அப்பா, "இந்த வண்டிக்கு இது போதும்" என்றார். "உங்களுக்கு எல்லாத்துக்குமே இது போதும்தான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, தெரியும். அவர் உடனே, "அப்படின்னா உனக்குப் போதுமான இடமாப் பார்த்துப் போ" என்றார். பார்த்தேன், வந்துவிட்டேன்.

இப்போது விஷயம். அடுத்த மாதம் எனக்கு ஒரு மாத விடுமுறை. இங்கிருந்து 25ஆம் தேதி ஒரு லாரி உங்கள் பக்கம் வருகிறது. இன்ஜினை அதில் ஏற்றி நானும் கூடவே வருவதாக இருக்கிறேன். அப்பா "சரி, மாற்று" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் வருகிறேன். இல்லையென்றால் விடுமுறையும் வேண்டாம், வீடும் வேண்டாம். இங்கேயே இருந்துவிடுவேன்.

நீ அவரிடம் வாய் திறந்து கேட்கமாட்டாய். அம்மாவை விட்டுக் கேட்கச் சொல். நீ எனக்கு அளவு மட்டும் எடுத்து அனுப்பு. மூடியைத் திறந்து இன்ஜின் அறையின் அகலம், ரேடியேட்டருக்கும் இன்ஜினின் பெல்ட் கப்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி, பிறகு ஆக்சிலேட்டர் கேபிளின் முழு நீளம், பெடலில் மாட்டியிருக்கும் முனையிலிருந்து. மாமாவிடம் விடாதே, அவர் கண்ணாலேயே அளந்துவிடுவார். நீ ஸ்கேல் வைத்து அளப்பவள்.

தள்ளு

~

மார்ச் 17

அண்ணாவுக்கு,

இன்ஜின் அறையின் அகலத்தையும் ரேடியேட்டர் இடைவெளியையும் தனித்தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். இடைவெளி நீ நினைப்பதைவிடக் குறைவு. மூன்று முறை அளந்தேன். கேபிளை இன்னும் அளக்கவில்லை. அதற்கு ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஞாயிறு காலையில் அளக்கிறேன்.

அம்மா அப்பாவிடம் கேட்டார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை வரேங்கிறான். இன்ஜினை மாத்தினா என்ன குறைஞ்சு போயிடும்?"

"குறையாது."

"அப்போ சரின்னு சொல்லுங்களேன்."

"வண்டி மேல அவனுக்கு இவ்வளவு கோபம் எதுக்குன்னு தெரியல."

"வண்டி மேலயா கோபம்? உங்களுக்கு ஒண்ணுமே புரியாதா, இல்ல புரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்களா?"

அப்பா எழுந்து போய் தண்ணீர்க் குழாயின் வால்வு திறக்கும் சாவியை எண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சாவி என் உயரம் இருக்கும், உனக்குத் தெரியும். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் துடைத்தார்.

உன்னை "தள்ளு" என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஆனால் மறந்துபோயிருக்கும் என்று எழுதியிருந்தாயே, அது தப்பு. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நீ எனக்கு முன்னால் பின்பக்கமாக நடப்பாய். "ஏய் கோட்டான், இன்னைக்கு கிளாஸ்ல என்ன ஆச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு" என்பாய். டீச்சர் கேட்டு வராத பதிலெல்லாம் அங்கே வரும். நான் டீச்சர் மாதிரி பேசிக் காட்டினால் நீ ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சிரிப்பாய். வாரம் முழுக்க எனக்குப் பேச்சு இருந்தது அந்த இருபது நிமிடம்தான். மேலே தொட்டிக்குப் பக்கத்தில் அம்மா கையை நெற்றிக்கு வைத்து நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும் எனக்கு வாய் மூடிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் ஏற்றம் இருக்கக்கூடாதா என்று நினைப்பேன்.

வண்டி முக்கத் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம். இன்றைக்குத்தான் இதை யாரிடமாவது சொல்கிறேன்.

அதனால்தான் அவசியமா என்று கேட்டேன். உனக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது. அது புரிகிறது. நீ வருவதுதான் முக்கியம். அறுப்பது என்றால் அறுக்கட்டும்.

உன் தங்கை

~

ஏப்ரல் 2

கோட்டான்,

ஞாயிறு அளக்கிறேன் என்றாய். இரண்டு ஞாயிறு போய்விட்டது. கேபிள் அளவும் வரவில்லை, அப்பாவின் பதிலும் வரவில்லை, உன் கடிதமும் வரவில்லை. இங்கே தபால் பை வரும் நாளில் மேஸ்திரி "உனக்கு இல்ல" என்று சொல்வதற்காகவே என்னைத் தேடி வருகிறார்.

நீ அந்த நடையைப் பற்றி எழுதியதை நான் எதிர்பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது எனக்கு அளவு வேண்டும். 25ஆம் தேதி லாரி யாருக்காகவும் நிற்காது.

அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா? அதை மறைக்கிறாயா? மறைக்க வேண்டாம். அவர் சொல்லாமல் இருப்பதற்கே நான் பழகிவிட்டேன்.

~

ஏப்ரல் 7

அண்ணாவுக்கு,

மறைத்தேன். ஆனால் அப்பா சொன்னதை அல்ல. இந்தக் கடிதத்தை இதோடு நான்காவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றையும் கிழித்துவிட்டேன்.

சொன்ன ஞாயிறே அளந்தேன். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, தலையைப் பெடல்களுக்கு அடியில் வைத்துப் படுத்தேன். கேபிள் முனையைப் பார்க்க பெடலை அழுத்தினேன். நீ சொன்ன மாதிரியே தரையில் போய் முட்டியது. ஆனால் முட்டிய இடம் தரை இல்லை. கார்பெட் அங்கே மட்டும் மேடாக இருந்தது. ஓரத்தைப் பிரித்துத் தூக்கினேன். டயர் ரப்பரில் வெட்டிய இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம். நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. திருகாணி துருப்பிடித்திருந்தது.

பெடல் பாதி தூரம்தான் போகிறது அண்ணா. இத்தனை வருடமும் பாதி தூரம்தான் போயிருக்கிறது. நீ மூடிக்குக் கீழே எல்லாவற்றையும் பிரித்தாய். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அளவு ஸ்கேலைக் கையில் பிடித்தபடியே அப்பாவிடம் போனேன். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நான்தான் வெச்சேன்," என்றார்.

ஸ்கேலை அந்த ரப்பரின் பக்கம் நீட்டினேன்.

"உனக்கு அஞ்சு வயசு. வண்டி கொஞ்சம் வேகமெடுத்தா மூச்சை அடக்கிக்குவே. அழக்கூட மாட்டே. உதடெல்லாம் நீலமாயிடும். ஒருநாள் ரோட்டுல நிறுத்தி உன்னைத் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கினேன். டாக்டர் வளர வளரச் சரியாயிடும்னார். அதுவரைக்கும் வேகமே போகக் கூடாதுன்னு நினைச்சேன். ஆனா என் காலை நானே நம்பல. மனுஷன் காலு, அவசரத்துல மிதிச்சுடும். அதான் கட்டை வெச்சேன்."

"எனக்கு எப்போ சரியாச்சு?" என்று கேட்டேன். நானே கேட்டேன்.

"ஏழு வயசுல."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"எடுக்கத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்குரு டிரைவரோட போனேன். மேல தொட்டிகிட்ட நானும் உங்கம்மாவும் நிப்போம். நீங்க ரெண்டு பேரும் வளைவுல வர்றது தெரியும். நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டு வருவே. அவன் உனக்கு முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டு சிரிப்பான். கிட்ட வந்தா வாயை மூடிக்குவே. தூரத்துல இருந்து பார்த்தாத்தான் நீ பேசுறதைப் பார்க்க முடியும். கட்டையை எடுத்தா வண்டி நேரா மேல வந்துடும். எடுக்கல."

"பையன்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் அம்மா. அவருக்கும் இது தெரியாது அண்ணா. "அவன் வீட்டை விட்டுப் போறப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, இவளாலதான்னு ஆயிடும். அவன் இவமேல கோபப்படுறதுக்கு என்மேல கோபப்பட்டுட்டுப் போகட்டும்."

அம்மா உள்ளே போய், குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

உன்னைத் "தள்ளு" என்று கூப்பிட வைத்தது இன்ஜின் இல்லை. அப்பாவும் இல்லை. நான்தான். இரண்டு ஞாயிறாக எழுதாமல் இருந்தது இதனால்தான். நீ சிரித்ததெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்த அதே நேரத்தில், உனக்கு அவமானமாக இருந்திருக்கிறது. இனி நீ என்னோடு அப்படிப் பேசமாட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

பிரேக் மாமாவிடம் காட்டினேன். "பன்னிரண்டு வருஷமா சர்வீஸ் பண்றேன்டா சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நீ சொல்லாமல் தொட வேண்டாம் என்று அப்பா சொன்னார்.

உன் தங்கை

~

ஏப்ரல் 13

தங்கச்சிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஒரு டம்பருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே வேலை எதுவும் இல்லை.

முதலில் என் மானத்தைக் காப்பாற்று. பெடலுக்கு அடியில் கட்டை இருப்பது தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்தவன் நான் என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அவரும் மாட்டிக்கொண்டவர், வாயைத் திறக்கமாட்டார்.

நீ மூச்சடக்குவது எனக்கு நினைவிருக்கிறது. உனக்குத்தான் இல்லை. பின்சீட்டில் என் மடியில்தான் உட்கார்ந்திருப்பாய். நீலமாகும்போது உன் முகத்தில் நான் "பூ" என்று ஊதுவேன், அப்போது நீ திடுக்கிட்டு மூச்சு விடுவாய். எத்தனை முறை ஊதியிருக்கிறேன் தெரியுமா? அப்பா அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், அந்தக் கட்டையின் மேல் இன்னொரு கட்டையை நானே வைத்திருப்பேன். நீ காரணம் என்று கோபப்பட்டிருப்பேனாம்! பெற்ற பிள்ளையைப் பற்றி இவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பார். என் கோபம் இப்போது அதற்கு மட்டும்தான். அதுவும் நேற்றைக்கு இருந்த அளவு இன்றைக்கு இல்லை.

வேனில் போனவர்கள் சிரித்தது அரை நிமிடம். நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு நான் நடந்தது வருடக்கணக்கு. நான் அரை நிமிடத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி. இன்ஜின் பலகையில் கட்டி வைத்தபடி இருக்கிறது. இங்கே ஒருவன் அதைத் தனக்குக் கொடு என்று நச்சரிக்கிறான். நீ செய்ய வேண்டியது இது. கட்டையைக் கழற்றுங்கள். நான்கு பேர் ஏறிக்கொண்டு தொட்டிவரை போங்கள், என் எடைக்கு யாரையாவது உட்கார வை. யாரும் இறங்காமல் வண்டி ஏறினால் இன்ஜினை அவனிடம் தள்ளிவிட்டு நான் மட்டும் லாரியில் வருகிறேன். ஏறாவிட்டால் இன்ஜினோடு வந்து, அப்பாவிடம் நானே நேரில் கேட்கிறேன். உண்மையை எழுது. எனக்குப் பிடிக்கும் என்று எதையும் எழுதாதே.

அண்ணன்

~

ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

இன்று காலை போய்வந்தோம். உடனே எழுதுகிறேன், நாளைத் தபாலில் போனால் 25க்குள் கிடைத்துவிடும்.

கட்டையை அப்பாவே கழற்றினார். துருவில் ஒரு திருகாணியின் தலை உடைந்துவிட்டது, உளி வைத்துத் தட்டி எடுத்தார். உன் எடைக்குப் பிரேக் மாமாவைக் கூப்பிட்டேன். உன்னைப்போல ஒன்றரை ஆள் இருப்பார். பின்சீட்டில் என் பக்கம் வண்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருந்தது. கிளம்புமுன் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து, "பிரேக் பிடிக்குதில்ல? பாத்துட்டீங்கல்ல?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

முதல் வளைவும் இரண்டாவதும் சாதாரணம். மூன்றாவது வளைவு வந்ததும் அப்பா பழக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டார். என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அம்மா திரும்பிப் பார்த்து, "எங்கடி இறங்குறே?" என்றார். மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மிதிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"மிதிங்கப்பா," என்றேன்.

மிதித்தார். எனக்கு நினைவுதெரிந்து அந்த இன்ஜின் அப்படிச் சத்தம் போட்டதில்லை. இரண்டாவது கியரில் தையல் மிஷின் மாதிரி கடகடவென்று இழுத்தது. வேகம் என்று சொல்ல முடியாது. ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. மாமா, "இழு, இழு, அப்படித்தான்டா ராஜா" என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு பேசினார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன். எண்ணிக்கூடப் பார்த்தேன்.

யாரும் இறங்கவில்லை. ஏறிவிட்டது. நீ உண்மையை எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன்: மெதுவாக ஏறியது, ஆனால் ஏறியது. சட்டத்தை அறுக்க வேண்டாம். நீ மட்டும் வா.

நீ வருவாய் என்று அப்பாவிடம் சொன்னேன். "லாரி எத்தனை மணிக்கு வருமாம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு நீர்மட்டம் பார்க்க இரும்பு ஏணியில் ஏறினார். பாதி ஏறியவர் நின்று, அங்கிருந்தே, "அவனுக்கு எந்த ரூமுன்னு பார்த்துச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லு உங்கம்மாவை," என்றார். உனக்கு இருப்பது ஒரே ரூம்தான்.

அம்மா ரொட்டியைப் பிரித்து வைத்தார். மாமா முட்டையை உரித்தார். அதற்குள் அம்மா எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டு, கையை நெற்றிக்கு வைத்துக் கீழே வளைவைப் பார்த்தார். அப்பாவும் ஏணியில் இருந்தபடி அங்கேதான் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

"நேரா வந்துட்டோமே," என்றார் அம்மா. "யாருமே வரல பாரு. என்னமோ மாதிரி இருக்கு."

நான் சாப்பிடாமல் எழுந்து, இறக்கத்தில் மூன்றாவது வளைவுவரை நடந்துபோனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி, கையை ஆட்டி ஆட்டி உன்னோடு பேசிக்கொண்டே மேலே நடந்து வந்தேன்.